தவம் இருக்க வேண்டியது யார்?

கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையுச்சியில் நெருப்பு ஏறுவதற்குச் சற்று முன்பு, திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலுக்குள்ளிருந்து அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வருகிறார். ஆண்டு முழுவதும் வெளியே வராத திருமேனி அது. சில நிமிடங்கள்தான், உடனே உள்ளே போய்விடுகிறார். 2,668 அடி உயரத்தில் தீபம் தெரிகிறது, லட்சக்கணக்கான தொண்டைகளிலிருந்து அரோகரா எழுகிறது. அந்த நேரத்தில் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பெண்ணுக்குப் பாதி உடம்பையே கொடுத்த சாமி. இதைவிடச் சமத்துவம் எங்கே இருக்கு?"

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள். உலகம் இருண்டது. பரிகாரம் அவள் தலையில் விழுந்தது. காஞ்சியில் தவம் இருந்தாள்; பிறகு இங்கே வந்து மறுபடி தவம் இருந்தாள். கடைசியில் இடப்பாகம் வரமாகக் கிடைத்தது. சிவன் எந்தத் தவமும் இருக்கவில்லை. கொடுக்கிற இடத்தில் ஒருவர், உடலை வருத்திக் கேட்டு வாங்குகிற இடத்தில் ஒருத்தி. வாங்கியதும் பாதிதான், காட்டுவதும் ஆண்டுக்கு ஒருமுறை. இதைச் சமத்துவம் என்று நம்பிப் பழகிய மனம்தான் வேலைக்குப் போகிற பெண்ணையும் பார்க்கிறது. அவள் தவம் இருந்து தகுதியை நிரூபிக்க வேண்டும். இடம் கொடுப்பது நம் பெருந்தன்மை.

அந்த மாலை மாடவீதிகளில் நிற்கும் பெண் காவலர்களைப் பாருங்கள். தீபத்துக்காகப் பல மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர்கள். பலர் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். குடித்தால் எங்கே போவது? பந்தோபஸ்து என்றாலே நாக்கை உலர வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பழகிப் போயிருக்கிறது. "லேடீஸ் நல்லா அனுசரிச்சுப் போறாங்க" என்று மேலதிகாரிகள் பாராட்டுவது இந்தப் பழக்கத்தைத்தான்.

நான் எழுத வந்தது கடலைப் பற்றி. திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. புதுச்சேரிக் கடற்கரைக்குப் போக நூறு கிலோமீட்டர் ஆகும். சமுத்திரம் என்ற பெயரில் ஓர் ஏரிதான் இங்கே உண்டு. ஆனாலும் கடல் இந்த ஊரை விட்டு அவ்வளவு தள்ளியில்லை. மலைமேல் மகாதீபம் ஏற்றும் பரம்பரை உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. வலை வீசிப் பிழைத்த மீனவக் குலம் அது. பார்வதி தங்கள் குலத்து மகள் என்பது அவர்கள் சொல்லும் மரபு. கொப்பரையும் நெய்யும் திரியும் அந்தக் குலத்து ஆண்களின் தோளில் மலையேறுகின்றன. தெய்வமே தங்கள் வீட்டு மகள் என்கிறவர்கள், தங்கள் வீட்டு மகளின் கையில் அந்தத் திரியை எப்போது கொடுக்கப் போகிறார்கள்? இந்த ஒரு குலத்திடம் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல இது. கருவறைக்குள் பெண்ணை விடாத எல்லாரிடமும்தான் கேட்கிறேன்.

இன்னொரு வழியிலும் கடல் இங்கே வருகிறது. விடியற்காலையில் மைதானத்திலும் கிரிவலப் பாதையிலும் பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சீருடைப் பணியாளர் தேர்வுக்காக, 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுகிறார்கள். செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண்கள். 159 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா என்று சுவரில் கோடு போட்டு அளந்துகொண்டவர்கள். அவர்களில் சிலர் நாளை கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குப் போகலாம். கரையில் இருப்பவர்கள் அதை மரைன் போலீஸ் என்பார்கள். சிலர் இந்தியக் கடலோரக் காவல்படைக்குத் தேர்வு எழுதலாம். அப்படி ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார்: "மரைன்ல போட்டுட்டா எப்படிங்க அனுசரிச்சுப் போவா? அங்க எல்லாம் ஆம்பளைங்களாச்சே."

அந்த அம்மாவின் பயம் நியாயமானது. கேள்விதான் தவறான ஆளைப் பார்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல், கலைஞர் முதல்வராக இருந்தபோது. 22 பேரில் தொடங்கியது. காவல்துறையிலும் ராணுவத்திலும் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற குரல் 1930களிலேயே சுயமரியாதை இயக்க மேடைகளில் எழுந்துவிட்டது. மேடையிலிருந்து காக்கிச் சட்டைக்கு வர நாற்பது ஆண்டு. கடலோரக் காவல்படை 1977இல் உருவானது. பெண் அதிகாரிகளைச் சேர்க்க அதற்கு இருபது ஆண்டு பிடித்தது. சேர்த்த பிறகும் அவர்களின் இடம் பெரும்பாலும் கரைதான். விமானம் ஓட்டலாம், சட்டப்பிரிவில் இருக்கலாம், கணக்கு பார்க்கலாம். பெண் அதிகாரிகளை ரோந்து ஹோவர்கிராப்டில் அமர்த்தியது 2017–18 வாக்கில்தான். அப்போது அதைப் பெரிய புதுமையாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தப் படையின் கப்பல்களுக்கு என்ன பெயர்கள் தெரியுமா? ராணி அப்பக்கா, ராணி துர்காவதி, அன்னி பெசன்ட், அம்ரித் கௌர், கனகலதா பரூவா. இவற்றில் கடைசி மூன்றும் 2020இல் பணியில் சேர்ந்தவை. போர்த்துகீசியரை எதிர்த்து நின்ற ராணியின் பெயரைக் கப்பலின் பக்கவாட்டில் எழுதலாம். அந்தக் கப்பலில் ஒரு பெண் அதிகாரி நான்கு மணி நேரக் காவல் பார்க்க எளிதில் இடம் கிடைக்கவில்லை. பெண்ணைச் சிலையாக்குவதும் பெயராக்குவதும் நமக்குச் சுலபம். ஆளாகச் சேர்ப்பதற்கு மட்டும் ஆயிரம் யோசனை.

அந்த யோசனைகள் நீதிமன்றத்தில் எப்படி வந்தன என்பதைப் படித்தால் நெஞ்சு கொதிக்கும். கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட ஆனி நாகராஜா வழக்கில், ரஷ்யாவில் கட்டிய பழைய கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று ஒன்றிய அரசு வாதாடியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒரு நாடு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அணு உலையை வைக்கத் தெரிந்திருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கத் தெரியவில்லை என்கிறது. இதற்கு ஒரு மாதம் முன்பு ராணுவம் பற்றிய பபிதா புனியா வழக்கில் இன்னொரு வாதம் வந்தது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இல்லை என்றார்கள்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்புபவை. இத்தகைய கிராமங்களைக் காட்டித்தான் இந்த வாதம் வைக்கப்பட்டது என்பதால் எனக்குக் கூடுதல் கோபம். இதே கிராமங்களில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஊராட்சித் தலைவராக ஒரு பெண் கையெழுத்துப் போட்டால்தான் தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் வரும் என்பதை இந்த மனிதர்கள் ஏற்றுக்கொண்டுதான் வாழ்கிறார்கள். பெண் தலைவரின் இருக்கையில் கணவன் உட்கார்ந்துகொள்ளும் அசிங்கம் பல ஊர்களில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த அசிங்கத்துக்கு மருந்து கணவனை எழுப்பி வெளியே அனுப்புவது. ஆண்களின் மனநிலை சரியில்லை என்றால் ஆண்களைத் திருத்த வேண்டும். நோயை ஒருவருக்குக் கண்டுபிடித்துவிட்டுப் பத்தியத்தை இன்னொருத்திக்குச் சொல்வது எந்த அறிவில் சேர்த்தி?

பிரியங்கா தியாகியின் வழக்கையும் சொல்ல வேண்டும். கடலோரக் காவல்படையில் டோர்னியர் விமானம் ஓட்டியவர். பதினான்கு ஆண்டு குறுகியகாலப் பணி முடிந்தது என்று 2023 டிசம்பரில் வெளியே அனுப்பப்பட்டார். கடலுக்கு மேல் 4,500 மணி நேரம் பறந்ததாகவும், முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததில் பங்குண்டு என்றும் மனுவில் சொன்னார். பெண் சக்தி என்று பேசுகிறீர்களே, அதை இங்கே காட்டுங்கள் என்று 2024 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு கேட்டது. எல்லையைக் காக்க முடிந்த பெண்ணுக்குக் கரையைக் காக்க முடியாதா என்றும் கேட்டது. கடலோரக் காவல்படை மற்றப் படைகளைப் போன்றதல்ல என்பது அரசின் பதில். மார்ச்சில் அவரை மீண்டும் பணியில் சேர்க்க இடைக்கால உத்தரவு வந்தது. பதினான்கு ஆண்டு பறந்த பெண்ணிடம் இன்னும் எந்தப் பழக்கத்தை எதிர்பார்த்தார்கள்? அவர் அனுசரித்து முடித்துவிட்டார். நிறுவனம்தான் தொடங்கவே இல்லை.

கரையில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பெண் படகில் ஏறினால் மீன்பாடு குறையும். தீட்டுக் காலத்தில் வலையைத் தொட்டால் கடல் கோபிக்கும். எங்கள் ஊரில் கோயில் வாசலில் நிற்கும் அதே தீட்டு அங்கே படகு ஓரத்தில் நிற்கிறது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பெண்கள் தலைமுறைகளாகக் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். முகத்தில் கண்ணாடி, உடம்பில் சுற்றிய துணி, மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. கேரளத்துச் சேட்டுவாவில் ரேகா கார்த்திகேயன் கணவரோடு ஆழ்கடலுக்குப் போய் மீன் பிடிக்கிறார். 2015 ஜூனில் வங்கக் கடலில் இயந்திரம் பழுதாகிக் கரையற்று மிதந்த படகிலிருந்து ஏழு மீனவர்களை மீட்டது ஒரு எண்ணெய்க் கப்பல். அதன் கேப்டன் ராதிகா மேனன். பலத்த காற்று, உயர்ந்த அலை, இரண்டு முயற்சி தோற்றது, மூன்றாவதில் ஏழு பேரும் மேலே வந்தார்கள். அந்த ஏழு பேரில் யாராவது, பெண் ஓட்டும் கப்பலில் ஏற மாட்டேன், மீன்பாடு குறையும் என்று சொல்லியிருப்பாரா?

புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுத் தில்னாவும், இருவரும் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். படகில் இருந்தது அவர்கள் இரண்டே பேர். 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, உலகைச் சுற்றி, 2025 மே கடைசியில் திரும்பினார்கள். நம் காவல்துறைப் பெண்களும் 2023 ஜூனில், மகளிர் காவலர் பொன்விழாவையொட்டி, சென்னையிலிருந்து கோடியக்கரை வரை பாய்மரத்தில் போய்த் திரும்பினார்கள், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்கிறார்கள். வரும். ஆங்கிலேயக் கடற்படையின் பெருமையான நெல்சனுக்கே கடைசி வரை வந்தது. அவரை யாரும் கரைக்கு அனுப்பவில்லை.

நீச்சலைப் பற்றி நாம் வெட்கப்பட்டே ஆகவேண்டும். எங்கள் மாவட்டத்தில் பையன்கள் எங்கே நீந்தக் கற்றார்கள்? முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி, மாமனோ சித்தப்பனோ வயல் கிணற்றில் தள்ளிவிட்டார். ஒரு கோடையில் முடிந்தது. பெண் பிள்ளை பத்து வயது வரை கிணற்று மேட்டில் உட்கார்ந்து அண்ணனின் சட்டையைக் காத்தாள். வயதுக்கு வந்த பிறகு கிணற்றுப் பக்கமே போகவில்லை. ஊரெல்லாம் சேர்ந்து அவளைத் தண்ணீரிலிருந்து ஒதுக்கி வைத்தோம். இருபது வயதில் ரோந்துப் படகில் கால் வைக்கும்போது, பொம்பளைக்கு நீச்சல் தெரியாது என்று எழுதி வைக்கிறோம். இயற்கை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி நாமே செய்தது. மூன்று மாதப் பயிற்சியில் தீரக்கூடிய குறை அது. அந்த மூன்று மாதத்தைக் கொடுக்க மனம் வேண்டும்.

அனுசரிப்பதில் என்ன தவறு, புது இடத்துக்குப் போனால் ஆணும்தானே பழகிக்கொள்கிறான் என்று கேட்பீர்கள். அலைக்குப் பழகலாம், உப்புக்காற்றுக்குப் பழகலாம், இரவு விழிப்புக்குப் பழகலாம். அவை கடலின் குணம். ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பழக வேண்டியவை. சக ஊழியரின் ஆபாசப் பேச்சு கடலின் குணமா? அதிகாரி நள்ளிரவில் அனுப்பும் செய்தி அலையா? சட்டம் குற்றம் என்று எழுதி வைத்திருப்பதைப் பொறுத்துப் போகச் சொல்வது பழக்கம் அல்ல. இது மற்ற அலுவலகங்களில் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. காவல் பணியில் அதற்கு மேல் ஒரு கேடு இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

2025 செப்டம்பர் கடைசியில், இதே ஊரின் புறவழிச் சாலையில், இரவில் வண்டியை நிறுத்திய இரண்டு காவலர்கள், ஆந்திராவிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை வன்கொடுமை செய்ததாகக் கைதானார்கள், பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். தெய்வம் பாதி உடம்பைக் கொடுத்ததாகச் சொல்லும் ஊர். சாலை என்பதால் அந்தப் பெண்ணுக்கு உதவ விடிந்ததும் மனிதர்கள் இருந்தார்கள். இதே சோதனையைக் கடலில் வைத்துப் பாருங்கள். நள்ளிரவு, கரையிலிருந்து நான்கைந்து கடல் மைல், ஒரு படகை நிறுத்துகிறது ரோந்துப் படகு. சாட்சி யார்? 2022 மார்ச்சிலிருந்து இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்ப் பெண்கள் தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் மணல் திட்டுகளிலும் வந்து இறங்கினார்கள். இருட்டில் நனைந்த துணியோடு நிற்கும் அந்தப் பெண் முதலில் பார்ப்பது ஒரு சீருடையைத்தான். பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான் கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆம் பிரிவு. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யவும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே ரோந்துப் படகில் பெண் இருப்பது யாருக்கோ செய்யும் சலுகை அல்ல. அவள் இல்லாமல் அந்தப் படகு சட்டப்படி தன் வேலையைச் செய்யவே முடியாத நேரங்கள் உண்டு.

இப்போது சொல்லுங்கள். தனக்கு நடந்ததைப் பொறுத்துப் பழகிய பெண் அதிகாரி, அந்தப் படகில் இன்னொருத்திக்கு நடப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? வாயைத் திறக்காதே, மெமோ வரும், இடமாற்றம் வரும், உன் பெயர்தான் கெடும் என்று பத்தாண்டு பயிற்சி கொடுத்திருக்கிறோம். அந்தப் பயிற்சி வேலை செய்யும். அவர் வேறு பக்கம் பார்ப்பார். தப்பிப் பிழைக்க அவர் கற்ற பாடம் அது. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் படகில் ஒரு சாட்சி குறைந்துவிட்டார். பெண்ணை அனுசரிக்கப் பழக்குகிற படை, பொதுமக்களின் கண்ணைப் பிடுங்குகிறது.

பதவி உயர்ந்தால் இது மாறும் என்று நம்புவோருக்கு இரண்டு செய்தி. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டி.ஜி.பி. நிலையில் இருந்த அதிகாரி தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் செங்கல்பட்டு அருகே அவருடைய காரையே காவலர்கள் மறித்தார்கள். ஒரு மாவட்டத்தின் சட்டம் ஒழுங்கைக் கையில் வைத்திருக்கும் தகுதியுள்ள பெண்ணுக்குப் புகார் கொடுக்கும் சாலை திறந்திருக்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்றாண்டு சிறை விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அந்த எஸ்.பி. அனுசரித்துப் போயிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் கெட்ட பெயரைத் தாங்கிக்கொண்டு நடந்ததால்தான் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

இன்னொன்று அமெரிக்காவில். நம் கடலோரக் காவல்படை பிறந்த அதே 1977இல் அங்கத்திய கடலோரக் காவல்படையின் கேலட்டின், மோர்கன்தாவ் என்ற கப்பல்களில் பெண்கள் கடல்பணிக்கு ஏறினார்கள். 2022இல் லிண்டா ஃபேகன் அந்தப் படைக்கே தலைவர் ஆனார். மறு ஆண்டு ஒரு செய்தி வெடித்தது. 1988 முதல் 2006 வரை அவர்களின் பயிற்சிக் கல்லூரியில் நடந்த பாலியல் வன்முறைகள் விசாரிக்கப்பட்டு, அறிக்கை நாடாளுமன்றத்துக்குக்கூடச் சொல்லாமல் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பெண்கள் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கீழே பெண்கள் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேலே போனால் வழி திறந்துவிடும் என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான்.

பெண் காவலர்கள் எல்லாரும் உத்தமிகள் என்று நான் சொல்லவில்லை. லஞ்சம் வாங்குகிற பெண் அதிகாரி உண்டு, ஏழைப் பெண்ணை ஸ்டேஷனில் அடிக்கிறவர் உண்டு. பெண்ணைத் தெய்வமாக்கும் பேச்சை நான் வெறுக்கிறேன். தெய்வமாக்கினால் அடுத்த நாள் தீட்டும் சொல்வார்கள். பெண்ணுக்கு இந்த வேலையில் உரிமை இருப்பது அவள் நல்லவள் என்பதால் அல்ல. அவள் குடிமகள் என்பதால். ஆண் விண்ணப்பதாரரிடம் நீ நல்லவனா, ஆண்குலத்துக்குப் பெருமை சேர்ப்பாயா என்று கேட்டுவிட்டா உடற்தேர்வு வைக்கிறோம்?

என்னை அதிகம் வருத்துகிற எதிர்ப்பு பெண்களிடமிருந்தே வருகிறது. "நாங்க படாததா? நாங்களும் பல்லைக் கடிச்சுட்டுத்தான் இருந்தோம்" என்று சொல்லும் மூத்த அக்காக்களை எனக்குத் தெரியும். அவர்கள் பட்டது உண்மை. கழிப்பறை இல்லாத ஸ்டேஷனில் பதினாறு மணி நேரம் நின்ற கால்கள் அவை. ஆனால் அக்கா, நீங்கள் பட்டதை அடுத்தவளுக்குச் சொத்தாக எழுதி வைக்க வேண்டுமா? உங்கள் வலியை விதியாக்கினால், உங்களை வருத்தியவன் செய்தது சரி என்று நீங்களே முத்திரை குத்துகிறீர்கள்.

மாற்றம் முடியாதது அல்ல; செய்தபோது நடந்திருக்கிறது. முதலமைச்சர் பயணத்தின்போது சாலையோரத்தில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. 2023 மார்ச்சில் பொன்விழா மேடையில், பெண் காவலர்களுக்குக் காலை ரோல்கால் ஏழு மணிக்குப் பதில் எட்டு மணி என்று அறிவித்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்த பெண்கள் இருந்தார்கள். ஒரு மணி நேரத்தைத் தள்ளி வைக்க ஒரு கையெழுத்து போதுமாயிருந்தது. அந்தக் கையெழுத்தால் எந்தக் குற்றவாளியும் தப்பவில்லை. ஆனால் எனக்கு இதில் ஒரு குறை. ஏன் பெண்களுக்கு மட்டும் எட்டு மணி? ஆண் காவலருக்கும் குழந்தை இருக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை அம்மாவுடையது என்ற எண்ணத்தையும் அந்த உத்தரவு சேர்த்தே எழுதிவிட்டது. இருவருக்கும் எட்டு மணி என்று எழுதும் நாளில்தான் படை மாறத் தொடங்கும்.

கடலில் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. ரோந்துப் படகு வாங்கும்போதே மறைவான கழிப்பறையும் பெண் அளவுக்கு உயிர்காப்பு உடையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு பெண்ணை ஆண்கள் நிறைந்த படகில் தனியாக ஏற்றாமல் இருவராக ஏற்றுங்கள். பெண்களை வரவேற்பறையிலும் கணினி முன்பும் உட்கார வைத்துவிட்டு எண்ணிக்கை காட்ட வேண்டாம். எத்தனை பேர் இரவு ரோந்தில் போனார்கள் என்ற கணக்கைப் போடுங்கள். புதிதாகச் சேரும் ஆண் காவலர்களுக்கு நடத்தைப் பயிற்சி வையுங்கள், அதில் தேறாதவனைப் படகில் ஏற்றாதீர்கள். பெண்ணுக்கு 400 மீட்டர் வைக்கிறீர்களே, சக மனிதரோடு கண்ணியமாக எட்டு மணி நேரம் படகில் இருக்க முடியுமா என்று ஆணுக்கு ஒரு தேர்வு ஏன் இல்லை?

மைதானத்தில் கையில் கடிகாரத்தோடு மகளுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களிடமும் அம்மாக்களிடமும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அனுசரித்துப் போம்மா என்ற புத்தியை அவள் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தமிழிலேயே கிடைக்கிறது. பொதுஅறிவுப் புத்தகத்தோடு அதையும் படிக்க வையுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். அதன் தலைவர் மூத்த பெண் அலுவலராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழுவும் உண்டு. புகாரை எழுத்தில் தர மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பணியில் சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் மகள் கேட்கட்டும். குழுவே இல்லை என்றால், இல்லை என்பதை எழுதிக் கேட்கட்டும். ஏதாவது நடந்தால் தேதி, நேரம், படகு எண், உடன் இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.